எண் விநோதமாக இருந்தால் மட்டும் போதுமா? அபூர்வ நோட்டுகள் சேர்த்ததில் தெரிந்துகொண்டவை

பழைய நோட்டு சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு என்று தெரிந்தவர்கள், கையில் ஏதாவது புதுமாதிரி நோட்டு சிக்கினால் நேரே என்னிடம்தான் கொண்டுவருவார்கள். 45 கியாட், 60 பாட், 3 பெசோ, 7 டாலர் என்று எதுவாகவும் இருக்கும். நோட்டை நீட்டும்போதே கேள்வியும் வந்துவிடும்: "இந்த மாதிரி நம்பர் நான் பார்த்ததே இல்லை. நல்ல விலை போகும்தானே?"

எண் விநோதமாக இருப்பதற்கும் நோட்டு அபூர்வமாக இருப்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. இதை ஏற்றுக்கொள்ளத்தான் எல்லாருக்கும் கஷ்டமாக இருக்கிறது. நாம் பார்த்ததில்லை என்பதாலேயே உலகத்தில் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். எந்த நோட்டைக் கையில் வாங்கினாலும் நான் முதலில் தேடுவது அது செல்லாமல் போன கதையைத்தான். அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொண்டு நல்ல பணம் கொடுத்ததா? ஒரு பைசாகூடத் தராமல் கைவிரித்துவிட்டதா? இல்லை, வெளியிட்ட நாளிலேயே ஜனங்கள் ஞாபகார்த்தமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்களா? இந்த மூன்றில் எது நடந்தது என்று தெரிந்துவிட்டால் விலையில் பாதி தெரிந்த மாதிரி.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுத்துச் சொல்வது இரண்டு நோட்டுகளை. இரண்டும் ஒரே தொகை: 1க்குப் பின்னால் 14 சைபர். நம் கணக்கில் ஒரு கோடி கோடி.

ஒன்று, ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் டாலர். 2009 ஜனவரியில் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகளின் படம், பக்கத்தில் அத்தனை சைபர்களும் வரிசையாக. பணவீக்கத்தில் அந்த நாட்டுக் காசு கரைந்துபோய், சில மாதங்களிலேயே ஜனங்கள் அமெரிக்க டாலருக்கும் தென்னாப்பிரிக்க ராண்டுக்கும் மாறிவிட்டார்கள். 2015ல் அரசாங்கம் பழைய நோட்டுகளைத் திரும்ப வாங்கியபோது 250 டிரில்லியனுக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று விகிதம் வைத்தது. அதாவது இந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 40 சென்ட். சேகரிப்பாளர்கள் அதைவிடப் பல மடங்கு கொடுக்கத் தயாராக இருக்கும்போது யார் வங்கிக்குப் போவார்கள்? நோட்டுகள் கட்டுக்கட்டாகத் தப்பித்தன. இன்றைக்கும் அது கிடைக்கிற நோட்டுதான். விலை ஏறியிருப்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் தட்டுப்பாடு அல்ல. உலகம் முழுக்க ஆளுக்கொன்று வேண்டும் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைக்ஸ்பேங்க் வெளியிட்ட நோட்டு. 1924 பிப்ரவரி 15 என்று தேதி போட்டது. அவர்கள் எண்முறையில் அதற்கு 100 பில்லியோனன் மார்க் என்று பெயர். தொகை அதே ஒரு கோடி கோடி. ஓவியர் டியூரர் வரைந்த பிர்க்ஹைமர் என்ற அறிஞரின் முகம் அதில் இருக்கும். 1923ன் கொடுமையான பணவீக்கத்தில் அச்சான லட்சம், கோடி மார்க் நோட்டுகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த வரிசையின் உச்சியில் இருக்கும் இந்த ஒன்று மட்டும் பெரிய ஏலங்களில்தான் தலைகாட்டும், அதுவும் எப்போதாவது.

இதே தொகைக்கு ஏன் இப்படி? இந்த நோட்டு வந்தபோது ஜெர்மனியில் பணம் நிலைப்பட்டுவிட்டது. 1923 நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்து, ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க் என்று விகிதம் கட்டினார்கள். அப்படியானால் இந்த நோட்டின் மதிப்பு 100 ரென்டன்மார்க். அன்றைக்கு அது ஒரு தொழிலாளியின் சில வாரச் சம்பளம். அதைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்க யாரால் முடியும்? மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருந்தவரை மாற்றிவிட்டார்கள். வங்கிக்குத் திரும்பிய நோட்டு அழிக்கப்பட்டது. எஞ்சியது மிகக் கொஞ்சம்.

ஹங்கேரிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1946ல் அங்கே வந்த 100 மில்லியன் பி-பெங்கோ நோட்டுதான் (ஒரு பி-பெங்கோ என்றால் ஒரு லட்சம் கோடி பெங்கோ) உலகத்தில் புழக்கத்துக்கு வந்தவற்றிலேயே மிகப் பெரிய தொகை: 1க்குப் பின்னால் 20 சைபர். நோட்டில் அந்த சைபர்களைத் தேடினால் கிடைக்காது, எழுத்தால்தான் எழுதியிருப்பார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஃபோரின்ட் வந்தபோது பெங்கோ வெறும் காகிதமாகிவிட்டது. நோட்டுகளைத் தெருவில் குப்பையோடு கூட்டித் தள்ளுகிற புகைப்படம் பலரும் பார்த்திருப்பீர்கள். கூட்டித் தள்ளினது போக மிச்சம் வீடுகளில் கிடந்தது. அதனால்தான் "உலகத்தின் மிகப் பெரிய நோட்டு" என்ற பட்டம் இருந்தும், புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் அது இருக்கிறது.

இப்போது பர்மா நோட்டுகளுக்கு வருகிறேன். விநோத எண் என்றால் முதலில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது அதுதான், என்னிடம் அதிகம் வந்து சேர்ந்ததும் அதுதான்.

1985 நவம்பரில், பர்மாவை ஆண்ட ராணுவத் தலைவர் நே வினின் அரசாங்கம் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. அந்த இடத்தில் 75 கியாட்டும், அடுத்த ஆண்டு 35 கியாட்டும் வந்தன; 25 கியாட் முன்பே புழக்கத்தில் இருந்தது. 15 கியாட்டும் வந்தது. இரண்டே வருஷத்தில், 1987 செப்டம்பர் 5ஆம் தேதி, அந்த 25, 35, 75ம் செல்லாது. இந்த முறை மாற்றித் தருவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. சேமித்து வைத்திருந்தவர்களுக்கு ஒரு நாளில் எல்லாம் போச்சு. அதே மாதம் 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. 9 என்ற எண் நே வினுக்கு ராசி என்று நம்பினார்கள்: 45ஐக் கூட்டினால் 9, 90ஐக் கூட்டினால் 9, இரண்டும் ஒன்பதால் வகுபடும். 45ல் எண்ணெய் வயல் தொழிலாளர் தலைவர் போ ஹ்லா ஜியும், 90ல் விவசாயிகள் கலகத்தை நடத்திய சாயா சானும் இருப்பார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி வெடித்த மாபெரும் கிளர்ச்சிக்கு இந்தப் பணப் பறிப்பும் ஒரு முக்கியமான காரணம்.

கதை இவ்வளவு கனமானது. ஆனால் நோட்டு? 35ம் 75ம் எளிதாகக் கிடைக்கும், அதுவும் மடிப்பே விழாத புத்தம் புது நிலையில். மாற்றித் தரமாட்டேன் என்று சொன்னதால் நோட்டு ஜனங்கள் கையிலேயே தங்கிவிட்டது. ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தின்ற அதே அறிவிப்புதான் அந்த நோட்டைக் காப்பாற்றியும் வைத்தது. ஒரு 75 கியாட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வராமல் இருக்காது. 45, 90 இரண்டும்கூடச் சேகரிப்பாளர்களிடம் தாராளமாகப் புழங்குகின்றன. அதனால் இந்த வரிசையை முழுசாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று புதியவர்களிடம் சொல்வேன். 15, 25, 35, 45, 75, 90 ஆறையும் ஒரே பக்கத்தில் அடுக்கிப் பார்ப்பது தனி அனுபவம். வரலாற்றுக்காக வாங்குங்கள். விலை ஏறும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இதற்கு நேர் எதிர், இந்தியாவின் இரண்டரை ரூபாய் நோட்டு.

முதல் உலகப் போரின்போது வெள்ளிக்குத் தட்டுப்பாடு. ரூபாய் என்றாலே வெள்ளிக் காசு என்றிருந்த காலம் அது. நாணயம் அடிக்க வெள்ளி போதாமல், 1917 நவம்பர் 30ஆம் தேதி ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதைத் தொடர்ந்து 1918ல் 2 ரூபாய் 8 அணா நோட்டு. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தலை, குப்பே என்ற அதிகாரியின் கையெழுத்து, பின்பக்கம் நாட்டு மொழிகளில் தொகை. இரண்டரை என்பது நமக்கு இன்று விநோதம். அன்றைக்கு 16 அணா ஒரு ரூபாய், ஆகவே இது 40 அணா. பத்து ரூபாயில் சரியாகக் கால் பங்கு. கணக்குத் தெரிந்தவர்களுக்கு அதில் விநோதம் ஒன்றும் இருந்திருக்காது. 1926 ஜனவரி 1ஆம் தேதியோடு, அச்சடிக்கிற செலவு கட்டுப்படியாகவில்லை என்று இரண்டு நோட்டுகளையும் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இது ஏன் இவ்வளவு அபூர்வம்? முதலாவது, இது உழைத்த நோட்டு. சின்னத் தொகை என்பதால் கை மாறி கை மாறி நைந்தது. இரண்டாவது, கொடுத்தால் முழுப் பணம் கிடைத்தது. வெள்ளிக் காசையே நம்பிப் பழகிய ஜனங்கள் காகிதத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாவது, புழங்கிய காலம் எட்டு வருஷத்துக்குள். இந்த மூன்றும் ஒரே நோட்டுக்கு அமைந்தால் அது அபூர்வமாகாமல் வேறென்ன ஆகும்?

இந்த நோட்டில் இன்னொரு அடுக்கும் உண்டு. அந்தக் காலத்தில் நோட்டு வெளியீடு வட்டாரம் வட்டாரமாக நடந்தது. வரிசை எண்ணோடு வரும் எழுத்து எந்த வட்டாரம் என்று காட்டும்: கான்பூருக்கு ஏ, பம்பாய்க்கு பி, கல்கத்தாவுக்கு சி, கராச்சிக்குக் கே, லாகூருக்கு எல், மெட்ராஸுக்கு எம், ரங்கூனுக்கு ஆர். ஒரே இரண்டரை ரூபாய்தான், ஆனால் எந்த எழுத்து என்பதைப் பொறுத்து ஏலத்தில் போட்டி மாறும். எண்ணை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர்கள் இந்த ஒற்றை எழுத்தைக் கவனிப்பதே இல்லை. விற்பவரும் கவனிக்காமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நிலை என்கிற விஷயத்தையும் நான் முதலில் கற்றுக்கொண்டது இந்த நோட்டில்தான். தெரிந்த குடும்பம் ஒன்று தாத்தாவின் காகிதங்களோடு கிடைத்ததாகச் சொல்லி ஒரு இரண்டரை ரூபாயைப் பார்க்கச் சொன்னார்கள். பார்வைக்கு அருமையாக இருந்தது. வெள்ளை வெளேரென்ற தாள், ஒரு சுருக்கம் இல்லை. அந்த வெள்ளையே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நூறு வருஷத் தாள் ஏன் இப்படி இருக்கிறது? ஜன்னல் ஓரம் கொண்டுபோய், நோட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரிச் சாய்த்தேன். நேராகப் பார்த்தபோது தெரியாத மடிப்பு, சிலுவை மாதிரி நடுவில் மெல்லிய கோடாக எழுந்தது. மையில் அந்தக் கோட்டின் மேல் மட்டும் நிறம் உதிர்ந்திருந்தது. ஓரத்தில் குண்டூசித் துளைகள். கடைசியாகப் புற ஊதா விளக்கை அடித்தேன். தாள் முழுக்க நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. அந்தக் காலத் தாள் அப்படி ஒளிராது, மங்கலாகத்தான் இருக்கும். இன்றைய சலவைத் தூளில் துணி வெளுப்பாகத் தெரிவதற்காகச் சேர்க்கிற ரசாயனம் தாளில் ஏறியிருந்தால்தான் இந்த ஒளி. நோட்டு அசல்தான். ஆனால் யாரோ நல்ல எண்ணத்தில் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இஸ்திரி போட்டுவிட்டார்கள். அழுக்கும் மடிப்புமாக அப்படியே விட்டிருந்தால் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். அதை அவர்களிடம் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

ஆகவே பெட்டியில் பழைய நோட்டு கிடைத்தால் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் போட்டே கொண்டுவருகிறவர்கள் உண்டு. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிட்டால் பிரிக்க வழியில்லை, சேகரிப்பாளர் கண்ணில் அந்த நோட்டுக்கு மதிப்பும் இல்லை.

நிலைக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிற முறை இப்போது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 60க்கு மேல் என்றால் புழங்காத நோட்டு. நோட்டைச் சோதித்து மதிப்பெண் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. தாள் கழுவப்படாமல், அழுத்தப்படாமல் இயல்பாக இருந்தால் அதையும் தனியாகக் குறிப்பார்கள். விலை உயர்ந்த நோட்டுக்கு அந்தச் செலவு செய்யலாம். 35 கியாட்டுக்குச் செய்ய வேண்டியதில்லை, மதிப்பெண் வாங்குகிற கட்டணம் நோட்டின் விலையைத் தாண்டிவிடும்.

இன்னொரு விஷயம். விநோதம் என்பது அந்தந்த ஊர்ப் பழக்கத்தைப் பொறுத்தது. 3 என்ற எண்ணைப் பார்த்ததும் நமக்கு ஆச்சரியம். ஆனால் சோவியத் நாட்டில் 1, 3, 5, 10, 25 என்பதுதான் வரிசை. 3 ரூபிள் அங்கே தினசரி செலவுப் பணம். கியூபாவில் சே குவேரா முகத்தோடு 3 பெசோ புழக்கத்திலேயே இருக்கிறது, சுற்றுலா போகிற ஒவ்வொருவரும் ஒன்று கொண்டுவருகிறார்கள். சே நோட்டு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் பின்னால் போய் 1960 நோட்டுகளைப் பாருங்கள் என்று சொல்வேன். அப்போது அவர் கியூபத் தேசிய வங்கியின் தலைவர், நோட்டில் வெறுமனே "சே" என்றே கையெழுத்துப் போட்டிருப்பார். நெதர்லாந்தில் இரண்டரை கில்டர் நோட்டு இருந்தது, நெதர்லாந்தின் ஆட்சி போன பிறகும் இந்தோனேஷியா இரண்டரை ரூபியா அச்சடித்தது. பஹாமாஸ் 1966ல் பவுண்டிலிருந்து டாலருக்கு மாறியபோது 7 ஷில்லிங் ஒரு டாலர் என்று வைத்தார்கள். அப்படியென்றால் 20 ஷில்லிங் கொண்ட ஒரு பவுண்டு மூன்று டாலருக்குச் சற்றே குறைவு. பவுண்டு நோட்டுக்குப் பழகிய கைக்கு ஏறக்குறைய அதே மதிப்பில் ஒன்று இருக்கட்டும் என்று 3 டாலர் நோட்டு பிறந்தது. எண் ஏன் அப்படி என்று விசாரித்தால் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கைத் தேடிப் போகிற சுகத்துக்காகவே நான் இந்தப் பக்கம் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அமெரிக்காவின் 3 டாலரிலும் ஒரு நுட்பம் உண்டு. 1860களுக்கு முன்னால் அங்கே தனித்தனி வங்கிகள் சொந்தமாக நோட்டு வெளியிட்டன. 3 டாலர் அதில் சர்வசாதாரணம். வங்கி திவாலானபோது கையெழுத்துப் போடாத நோட்டுத் தாள்கள் அப்படியே குவியலாகக் கிடந்தன. அவைதான் இன்று புதுசு போலக் கிடைப்பவை. கையெழுத்தும் எண்ணும் போட்டு, உண்மையிலேயே புழங்கிய நோட்டு, பல வங்கிகள் வெளியிட்டவற்றில் நமக்குக் கிடைப்பதே இல்லை. அழுக்கு நோட்டு அபூர்வம், பளபள நோட்டு மலிவு என்பது இங்கே நடக்கும். கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

2 டாலர் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. 1966ல் நிறுத்தி, 1976ல் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டுக்காக மறுபடி கொண்டுவந்தார்கள். கடையில் யாரும் அதிகம் கொடுப்பதில்லை, அதனால் அபூர்வம் என்ற நம்பிக்கை அமெரிக்கர்களுக்கே உண்டு. இன்றும் அச்சாகிறது. 1976க்குப் பிறகு வந்த சாதாரண 2 டாலரின் மதிப்பு 2 டாலர்தான். சின்ன வரிசை எண்ணோ, எண்ணுக்குப் பின்னால் நட்சத்திரமோ இருந்தால் கொஞ்சம் கூடலாம். 19ஆம் நூற்றாண்டு 2 டாலர்கள் வேறு கதை.

ஞாபகார்த்த நோட்டுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்து 1987ல் மன்னர் பூமிபோலின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வெளியிட்ட 60 பாட் சதுரமான நோட்டு, 15.9 சென்டிமீட்டருக்கு 15.9. நேபாளம் 1997ல் மன்னர் பீரேந்திரா அரியணை ஏறிய வெள்ளிவிழாவுக்கு 25, 250 ரூபாய். வங்கதேசம் 2011ல் விடுதலைப் போர் வெற்றியின் 40 ஆண்டுக்கு 40 டாக்கா, 2012ல் மொழிப் போராட்டத்தின் 60 ஆண்டுக்கு 60 டாக்கா. ஃபிஜி 2017ல் 7 டாலர்: ரியோ ஒலிம்பிக்கில் ஏழு பேர் ஆடும் ரக்பியில் தங்கம், அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். எல்லாமே அழகானவை, என்னிடமும் இருக்கின்றன. ஆனால் இவை வைத்துக்கொள்வதற்காகவே அச்சானவை. வாங்கினவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அதனால் எண்ணிக்கை குறைவதே இல்லை. வாங்கினால் அதனோடு வந்த அட்டை, உறையோடு வாங்குங்கள். பின்னாளில் உறையில்லாததற்கும் உள்ளதற்கும் வித்தியாசம் பார்க்கிறார்கள்.

பெரிய தொகைகளில் அபூர்வம் வருவதும் முதலில் சொன்னபடி, நோட்டு செல்லாமல் போன கதையை வைத்துத்தான். இந்தியாவில் 1954ல் வந்த 1000 ரூபாயில் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும், 5000த்தில் இந்தியாவின் நுழைவாயில், 10,000த்தில் அசோகரின் சிங்க முகடு. 1978 ஜனவரியில் மூன்றையும் செல்லாது என்று அறிவித்தபோது மாற்றிக்கொள்ளச் சில நாள் அவகாசம் இருந்தது. பத்தாயிரத்தை யார் விடுவார்கள்? 5000, 10,000 நோட்டுகள் இன்று கண்ணில் படுவதே அதிசயம். 1000 கொஞ்சம் பரவாயில்லை. அமெரிக்காவின் 500, 1000, 5000, 10,000 டாலர் நோட்டுகள் 1945க்குப் பிறகு அச்சாகவில்லை, 1969ல் நிறுத்தப்பட்டன. இன்றும் செல்லும், ஆனால் வங்கிக்குப் போனால் திரும்பி வராது. 1934ன் ஒரு லட்சம் டாலர் தங்கச் சான்று மத்திய வங்கிகளுக்குள் கைமாறியதே தவிர பொதுமக்களிடம் வந்ததில்லை. அதைத் தனியார் வைத்திருக்கச் சட்டமே அனுமதிக்காது. யாராவது விற்கிறேன் என்றால் அது போலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சட்டம் என்றதும் இன்னொன்று: 2016ல் செல்லாமல் போன இந்திய 500, 1000 நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017 சட்டப்படி குற்றம். ஆராய்ச்சிக்கும் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதி உண்டு. கட்டாகச் சேர்த்து வைக்க நினைப்பவர்கள் கவனியுங்கள்.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்காக ஒரு நோட்டு வரிசையையும் சொல்ல ஆசை, எண்கள் சாதாரணமானவை என்றாலும். மொரீஷியஸ் நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் தொகை எழுதியிருக்கும். 1998ல் வந்த புது நோட்டுகளில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே கொண்டுவந்தார்கள். அங்கேயுள்ள தமிழர்கள் விடவில்லை. போராட்டத்தில் நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, மறு வருஷம் பழைய வரிசையோடு புது நோட்டு வந்தது. இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பணமே இல்லாத நோட்டுகளும் இருக்கின்றன. பூஜ்ய யூரோ சுற்றுலாத் தலங்களில் விற்கிற நினைவுப் பொருள், 2015ல் பிரான்சில் தொடங்கியது. பூஜ்ய ரூபாய், லஞ்சம் கேட்கிறவர் கையில் கொடுப்பதற்காக 2007ல் ஃபிஃப்த் பில்லர் அமைப்பு அச்சிட்டது. அண்டார்டிகா டாலர் எந்த அரசாங்கமும் வெளியிட்டதில்லை. பத்து லட்சம் டாலர் நோட்டு வெறும் வேடிக்கைக் காகிதம். தங்கத் தகடு போலப் பளபளக்கும் 100 டிரில்லியன் ஜிம்பாப்வே டாலரும் அதே ரகம், அசல் காகிதத்தில்தான் இருக்கும். சேர்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் வெளியிட்டது யார் என்று தெரியாமல் நோட்டு விலை கொடுக்க வேண்டாம். உலக நோட்டுகளுக்கான கேட்லாகில் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு எண் உண்டு, சேகரிப்பாளர்கள் பிக் எண் என்பார்கள். விற்பவரால் அந்த எண்ணைச் சொல்ல முடியவில்லை என்றால் நிதானியுங்கள்.

விலை பார்க்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு நோட்டைத் தேடினால் கண்டபடி தொகைகள் வரும். அவை கேட்கிற விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். பார்க்க வேண்டியது விற்று முடிந்த விலையை. ஏல நிறுவனங்கள் பழைய முடிவுகளைப் படத்தோடு வைத்திருக்கின்றன. உங்கள் நோட்டின் அதே வருஷம், அதே கையெழுத்து, அதே நிலையில் உள்ளதைத் தேடி எடுங்கள். மதிப்பெண் 64 வாங்கின நோட்டின் விலையை மடிந்து நைந்த நோட்டோடு ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம். வியாபாரியிடம் விற்றால் அந்த விலையில் ஒரு பகுதிதான் கையில் கிடைக்கும். அவருக்கும் கட்டுப்படியாக வேண்டும், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஏலத்தில் விட்டால் கமிஷன் போகும், காத்திருக்கவும் வேண்டும்.

வைக்கிற இடம் முக்கியம். மலிவான பிவிசி உறைகள் சில வருஷத்தில் பிசுபிசுத்து மையைக் கெடுத்துவிடும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், மைலார் என்று கேட்டால் தருவார்கள். வெயில் படாத, ஈரம் தேங்காத அலமாரி போதும். நோட்டை ஓரத்தில் பிடித்து எடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு நோட்டின் உறைக்குப் பின்னாலும் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன்: எந்த நாடு, எந்த வருஷம், பிக் எண், யாரிடம் வாங்கியது, என்ன கொடுத்தது, என்ன நிலை. சாதாரணப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஊறும். சேர்த்தவர் போனபிறகு வீட்டார் ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். 250 நேபாள ரூபாயைப் பொக்கிஷம் என்று தனியே எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த நைந்த ஒரு ரூபாய், 1917 நோட்டை மொத்தமாகக் கொடுக்கிற குவியலில் போட்டிருந்தார்கள். அந்த உறைக்குப் பின்னால் நாலு வரி இருந்திருந்தால் அது குவியலுக்குப் போயிருக்காது.